அயுத்தயா: ஏறி இறங்கிய நீரரண்

பாங்காக்கிலிருந்து ரயிலில் அயுத்தயா போகிறவர் இறங்கும் நிலையம் பழைய நகருக்கு வெளியே, கீழ்க்கரையில் இருக்கிறது. வாசலைத் தாண்டி நேரே நடந்தால் சிறிய படகுத்துறை வரும். சில பாட் கொடுத்தால் பாசக் ஆற்றைக் கடத்திவிடுவார்கள். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அக்கரை. பிறகு வாடகைச் சைக்கிள், இடிந்த கோபுரங்கள், மகாதாத் கோயிலில் அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை. அந்தத் தலையைவிட உயரமாக நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது; குந்தித்தான் உட்கார வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு பிழை இருக்கிறது. இடிபாடுகளை முதலில் பார்ப்பவருக்கு அயுத்தயா என்பது 1767இல் பர்மியப் படை எரித்த நகரம், அவ்வளவுதான். படகுத்துறையிலிருந்து பார்ப்பவருக்கோ, அந்நகர் எப்படி நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது என்ற கேள்வி எழும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

1351இல் ஊ தோங் மன்னர் இங்கே தலைநகர் அமைத்தார். சாவ் பிரயா, லோப்புரி, பாசக் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடம் இது. கிழக்கில் வெட்டிய கால்வாயும் சேர்ந்து நகரைத் தீவாக்கியது. பெயர் இராமனின் அயோத்தியிலிருந்து வந்தது. நம்மவர்கள் அந்தப் பெயரில் மயங்கி இராமாயணச் சுவடுகளைத் தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை.

நீரரண் என்றால் அகழி நம் நினைவுக்கு வரும். அகழி நீர் கிடந்த இடத்தில் கிடப்பது. அயுத்தயாவின் அரணோ ஆண்டுதோறும் ஏறி இறங்கியது. மழைக்கால முடிவில் ஆறுகள் கரை தாண்டிச் சமவெளியை மூடும். வெள்ளத்தோடு சேர்ந்து உயரும் நெல்வகைகள் உண்டென்பதால் உழவர்களுக்கு அது வாழ்வு. வெளியே பாசறை அடித்த படைக்கோ முகாம் மூழ்கும், யானையும் குதிரையும் நிற்க இடமிராது. முற்றுகையிட்டவர்கள் வெள்ளத்துக்குமுன் ஜெயிக்க வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். நகரின் உண்மையான மதில் இந்தப் பருவக்கணக்கே.

1569இல் நகர் பர்மியரிடம் வீழ்ந்ததே என்று கேட்கலாம். நியாயமான மறுப்புத்தான். ஆனால் சயாமிய (தாய்லாந்தின் பழைய பெயர் சயாம்) வரலாற்றேடுகள் அதற்கு உள்ளிருந்தவரின் துரோகத்தைக் காரணமாகச் சொல்கின்றன. நீர் தோற்றதாகச் சொல்லவில்லை.

கணக்குப் பொய்த்தது 1766இல். பர்மியத் தளபதிகள் மழைக்காலத்தில் பின்வாங்கவில்லை. மேட்டுநிலங்களில் பாசறைகளை அமைத்தார்கள், கரை எழுப்பினார்கள், படகுகளைச் சேர்த்தார்கள், காத்திருந்தார்கள். வெள்ளம் வடிந்தது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி அடித்தளத்துக்குத் தீ வைத்தார்கள். 1767 ஏப்ரல் 7 அன்று நகர் வீழ்ந்தது. ஏப்ரல் கோடைக்காலம், ஆறு வற்றிக் கிடக்கும் காலம். அரசவையின் பலவீனம், ஆள்பற்றாக்குறை என்று பிற காரணங்கள் சொல்லப்படுவது பொய்யல்ல. வெள்ளம் வந்து காப்பாற்றும் என்று நம்பியிருந்த நகரில் அவை கூடுதலாக உறைத்தன என்பதே சரி.

எரிந்து மிஞ்சியதையும் ஆறே கொண்டுபோனது. 1782க்குப் பின் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைக் கட்டியபோது, அயுத்தயாவின் மதிற்செங்கற்கள் படகேறித் தெற்கே போயின. இன்று நாம் பார்க்கும் வெறுமையில் பர்மியர் பங்கு எவ்வளவு, செங்கல் ஏற்றியவர்கள் பங்கு எவ்வளவு என்று வழிகாட்டிகள் பிரித்துச் சொல்வதில்லை.

யுனெஸ்கோ 1991இல் இதை உலக மரபிடமாக அறிவித்தது. 2011இல் பழைய விருந்தாளி மறுபடி வந்தது. மேற்கரையில் 1630இல் எழுந்த சாய்வத்தனாராம் கோயிலுக்குள் ஆறு புகுந்தது. அயுத்தயா மாகாணத்தின் தொழிற்பேட்டைகளும் மூழ்க, உலகச் சந்தையில் கணினி வன்தட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு காலத்தில் பகைவரை விரட்டிய அதே வெள்ளம்தான்.

போகிறவர்கள் சைக்கிளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு படகு பிடித்துத் தீவை முழுதாகச் சுற்றி வாருங்கள்.