பீங்கான்: கலத்தின் பெயர் மண்ணின் பெயரான கதை

சீனத்துப் பழங்கலங்களைத் தேடிச் சேர்ப்போர், புலவர்களின் எழுதுமேசைப் பொருள்களையும் விட்டுவைப்பதில்லை: தூரிகை அலசும் கிண்ணம், மைக்கல்லில் நீர் சொட்டும் சிறுகுடுவை, ஈரத் தூரிகையைச் சாய்த்துவைக்கும் தாங்கி. மெருகேறிய இவை யாவற்றையும் தமிழில் பீங்கான் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லைச் சற்றே தட்டிப் பாருங்கள். நல்ல பீங்கானைப் போலவே கணீரென்று ஒலிக்கும்.

பிங்கலம் என்னும் நிறப்பெயரோடு இதை ஒட்டவைக்க ஆசை எழலாம், ஒட்டாது. பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அடியில் துளையிட்டு நீரில் மிதக்கவிட்டு, மூழ்கும் பொழுதைக் கொண்டு பாசனமுறை வைத்த, நம் நாழிகை வட்டிலை ஒத்த கலத்துக்கும் அதுவே பெயர். பகர ஒலி இல்லாத அரபியில் அது 'ஃபின்ஜான்' ஆகிக் காப்பிக் குவளையைக் குறித்தது. மலாயில் 'பிங்கான்', சிங்களத்தில் 'பிங்கான' என்று நின்று உண்கலத்தைக் குறித்தது. தமிழில் முதற்குறில் நீண்டது. ஈற்று 'ஆன்', தட்டான் முதலியவற்றால் நம் செவிக்குப் பழகியதாதலால், வந்த சொல் வேற்றுச்சொல்லாகவே தோன்றவில்லை.

பொருளோ இன்னும் தொலைவு நடந்தது. இலங்கைத் தமிழ் வழக்கில் பீங்கான் இன்றும் சோறுண்ணும் தட்டு. தமிழகத்திலோ பீங்கான் தட்டு, பீங்கான் சாடி என்று கலப்பெயரைத் தனியே சேர்த்தாக வேண்டும். ஏனெனில் இங்கே கலத்தின் பெயர் அதை வனைந்த பொருளுக்கே பெயராகிவிட்டது.

இந்த விரிவின் அருமையை ஒரு தூரிகைத்தாங்கி காட்டும். மிங் அரசின் செங்தே ஆண்டுக்காலத்தில் (1506–1521) சீனர் செய்த நீல வெண்பீங்கான் தாங்கிகள் சில, ஐந்து கொடுமுடி கொண்ட குறுமலை வடிவின. சீனர் அவ்வடிவைத் 'தூரிகைமலை' என்றே அழைப்பர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகைய ஒன்றில் பாரசீகச் சொல் தீட்டப்பட்டிருக்கிறது: 'காமாதான்'. காமா என்பது எழுதுகோல். 'தான்' என்பது கொள்கலத்தைச் சுட்டும் ஈறு. பெயர் கொள்கலம், பொருளோ எதையும் கொள்ளாது. தாங்க மட்டுமே செய்யும்.

அந்த மலையைப் பாரசீகத்தார் தம் பழம்பொருளில் 'பிங்கான்' என்றிருக்க முடியாது. அதில் குழிவே இல்லை. நாமோ தயங்காமல் பீங்கான் என்கிறோம். சொல் அவர்கள் தந்தது; கிண்ணத்துக்கு வெளியே அதற்கு இடம் தந்தது தமிழ்.