கோப்புத் தேடலின் சரித்திரம்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், முடிச்சூர் என்று இருப்புப்பாதையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் புறநகர்களில், கலியாணப் புகைப்படங்களும், வீட்டுப் பத்திரத்தின் நகலும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழும், ஓய்வூதியத்துக்காக எழுதிய விண்ணப்பமும் மர அலமாரியை விட்டு வீட்டுக் கணிப்பொறிக்குள் குடிபுகுந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது. அவற்றுள் ஏதேனும் ஒன்று அவசரமாக வேண்டியிருக்கும் வேளையில், தேடும் கட்டத்தில் பெயரைத் தட்டிவிட்டுக் காத்திருந்து, ஒன்றும் அகப்படாமல், கணிப்பொறி அதை விழுங்கிவிட்டது என்று மனம் சோர்பவர்கள் அநேகர். ஆயினும் கணிப்பொறி ஒரு பொருளைத் தானாகத் தொலைப்பது அபூர்வம். பெரும்பாலும் கோப்பு வைத்த இடத்திலேயே இருக்க, அதை அடையும் வழிதான் எங்கோ அறுபட்டிருக்கிறது. அந்த அறுபாடுகள் ஒவ்வொன்றும் கணிப்பொறிச் சரித்திரத்தின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்தவை என்பதும், எக்காலத்தில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பரிகாரம் தானே புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தேடுதலைச் சாஸ்திரமாக வகுத்த பெருமை நம் சென்னைக்கு உண்டு. சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். அவர் பயின்ற நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்த அக்கல்லூரி, 1937இல் தாம்பரத்துக் காட்டுநிலத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அவ்வூரின் அடையாளமாகவே விளங்குகிறது. ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஒரு நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் ஆசிரியர் பெயரால் ஒன்று, தலைப்பால் ஒன்று, பொருளால் ஒன்று என அதற்குரிய அட்டைகள் பட்டியற் பெட்டியில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அலமாரி வேறு, பட்டியல் வேறு என்ற இந்த விவேகமே கணிப்பொறித் தேடல் அனைத்துக்கும் மூலாதாரம்: கோப்புறை என்பது அலமாரி, இண்டெக்ஸ் என்பது பட்டியற் பெட்டி. பெட்டியில் அட்டை எழுதப்படாத நூலை, அது அலமாரியில் இருந்தும் இல்லாததாகவே வாசகர் கருதுவார்.

வீட்டுக் கணிப்பொறிக்கு முதலில் வாய்த்தது அலமாரி மட்டுமே. 1983இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பு, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கும் வசதியை அளித்தது. ஆனால் கோப்பின் பெயருக்கு எட்டெழுத்தும், அதன் வகையைக் காட்ட மூன்றெழுத்தும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) போன்ற கல்விக்கூடங்களில் இக்கருவிகளைக் கற்றவர்களுக்கு அந்த நெருக்கடி ஒரு பொருட்டன்று. ஆனால் வீட்டில் புதிதாகக் கணிப்பொறியைத் தொட்டவரோ, கடிதம், கணக்கு, விழா என்ற தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் சுருக்கி எழுதும் பழக்கத்துக்கு ஆளானார். 1995இல் வந்த விண்டோஸ் 95, இருநூற்றைம்பத்தைந்து எழுத்துவரை நீண்ட பெயர்களை அனுமதித்து அந்த நெருக்கடியைத் தீர்த்தபோதிலும், பழக்கம் மாறவில்லை. ழகரத்தை ஒருவர் இசட் என்னும் ஓரெழுத்தாலும், மற்றொருவர் இசட்டும் எச்சும் சேர்த்தும், வேறொருவர் எல் என்னும் எழுத்தாலும் குறிக்க, ஒரே வீட்டில் தந்தை ஒருவிதமாகப் பெயரிட்ட கோப்பை மகள் வேறுவிதமாகத் தேடியும் காணமுடியாமற்போவது இன்றளவும் நிகழ்கிறது. பெயரில் ஐயமற்ற முதல் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் எழுதி, அதன்பின் ஒரு நட்சத்திரக் குறியிட்டுத் தேடுவதே இதற்குரிய எளிய மருந்து.

அடுத்த சிக்கல் தமிழ் எழுத்துருக்களால் நேர்ந்தது. தொண்ணூறுகளில் அச்சகங்களும் டிடிபி நிலையங்களும் வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ, பாமினி முதலிய எழுத்துருக்களால் திருமண அழைப்பிதழ்களையும் சங்கத் தீர்மானங்களையும் அச்சுக்கோத்தன. அவற்றில் திரையில் தோன்றுவது தமிழாயினும், கோப்பினுள் பதிவாவது ஆங்கில எழுத்துகளின் எண்களே. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால், உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள்; வேறோர் எழுத்துருவில் தட்டினால் முற்றிலும் வேறான குறிகள். இந்தக் குழப்பத்தை ஒழிக்க அறிஞர்கள் பட்ட பாடு அற்பமன்று. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, அதன் பயனாகத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே தமிழ்99 விசைப்பலகையையும், எழுத்துகளுக்கு எண்சூட்டும் டேம், டேப் என்னும் குறியேற்றங்களையும் அங்கீகரித்தது. மற்றொரு புறம் உலகெங்கும் வாழ்ந்த தமிழன்பர்கள் டிஸ்கி என்னும் குறியேற்றத்தைக் கைக்கொண்டு, 1998இன் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கினர். ஒவ்வொரு முயற்சியும் போற்றுதற்குரியது. ஆனால் அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு எண்களைத் தமிழெழுத்துகளுக்குச் சூட்டியமையால், அக்காலத்துக் கோப்பை இன்றைய தேடற்கட்டம் தமிழென்றே அறிந்துகொள்வதில்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வழங்கிய என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் அத்தகைய கோப்புகளை யூனிகோட் என்னும் ஒருங்குறிக்கு மாற்றி வைத்த பின்னரே தேடல் பலிக்கும்.

1991இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஒருங்குறி, உலகின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண்ணிட்டு, இந்தச் சிக்கலின் ஆணிவேரை அறுத்தது. விண்டோஸ் 2000 அதனைத் தமிழுக்கும் கொணர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலோ, தென்னாசிய மொழிகளுக்குரிய கூறுகளைத் தனியே நிறுவாத கணிப்பொறிகளில் கொம்பும் காலும் இடம்பிறழ்ந்து நின்றன. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் ஒருங்குறி வந்த பின்னரும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது இயந்திரத்துக்கு வேறாகத் தோன்றும் இடங்கள் சில எஞ்சி நிற்கின்றன. ஔவையார் என்பதில் ஔகாரத்தை ஒரே எழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுபவர் மிகப் பலர். அவர்கள் எழுதிய கட்டுரை, முறையாகத் தேடுபவருக்கு ஒருநாளும் அகப்படாது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டெண்ணாகவும் பதியலாம்; இரண்டும் சமமே என்று ஒருங்குறி விதி கூறினும், அவ்விதியைக் கடைப்பிடிக்காத மென்பொருள்கள் அவற்றை வேறென்றே கொள்கின்றன. தமிழ்த் தேடல் பொய்க்கும்போது, இத்தகைய எழுத்துகளைத் தவிர்த்துச் சொல்லின் வேறொரு பகுதியை இட்டுப் பார்ப்பது நலம்.

பட்டியற் பெட்டி வீட்டுக் கணிப்பொறிக்கு வந்தது விண்டோஸில் ஒருங்குறித் தமிழ் வந்த பின்னர்தான். அதுவரை தேடல் என்பது வட்டை முதலிலிருந்து கடைசிவரை துழாவும் மந்தமான காரியமாயிருந்தது. 2004இல் கூகிள் டெஸ்க்டாப்பும், 2005இல் ஆப்பிளின் ஸ்பாட்லைட்டும், 2007இல் விண்டோஸ் விஸ்டாவும் இண்டெக்ஸ் என்னும் அட்டவணையை முன்கூட்டியே தயாரித்து வைத்து, நொடியில் விடையளிக்கும் முறையைச் சாமானியருக்கு அளித்தன. ஆனால் விண்டோஸின் அட்டவணை, யாரும் மாற்றியமைக்காதவரை, சி டிரைவில் பயனாளருக்குரிய கோப்புறைகளையே பிரதானமாகப் பதிந்துகொள்கிறது. நம் ஊர் வழக்கமோ வேறு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கணிப்பொறிப் பாகங்களை வாங்கிப் பூட்டித் தந்தவர்கள், விண்டோஸ் பழுதுபட்டு மீண்டும் பதிய நேர்ந்தால் சி டிரைவ் அழிந்துபோகும் என்ற முன்யோசனையால், வட்டை மூன்றாகப் பிரித்து, குடும்பத்தின் பொக்கிஷங்களை டி டிரைவிலும் இ டிரைவிலும் வைக்கும்படி போதித்தனர். அந்தப் போதனை சரியானதே. எத்தனையோ வீடுகளின் புகைப்படங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதன் விளைவாக, காக்க வேண்டிய பொருள்கள் யாவும் பட்டியலுக்குப் புறம்பாகிவிட்டன. இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் என்னும் அமைப்பில் டி டிரைவையும் சேர்த்து, அட்டவணை எழுதி முடியும்வரை பொறுத்திருந்தால் இக்குறை நீங்கும். அட்டவணையே சிதைந்திருப்பின், அதே இடத்தில் அதை மறுபடி உருவாக்கச் செய்யலாம். அதனால் கோப்புகளுக்கு யாதொரு சேதமும் இல்லை.

பென் டிரைவ் பரவிய காலம் வேறொரு தொல்லையைக் கொணர்ந்தது. ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் பலர் கைபட்ட கணிப்பொறிகளில் அதைச் செருகி வீடு திரும்பியவர்கள், தம் கோப்புறைகள் யாவும் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருக்கக் கண்டு திடுக்கிட்டனர். இதைச் செய்யும் வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைபொருள் என்று குறித்துவிட்டு, அதே பெயரில் போலியை நிறுத்துகிறது. மறைபொருளைத் தேடலும் எளிதில் காட்டுவதில்லை. இதை அறியாமல் வட்டு முழுவதையும் ஃபார்மட் செய்து, இருந்த பொருளைத் தம் கையாலேயே அழித்துக்கொண்டவர்கள் உண்டு. முதலில் வைரஸை நீக்கி, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, பிறகு அட்ரிப் என்னும் பழைய டாஸ் கட்டளையால் மறைப்பை அகற்றினால், மறைந்த கோப்புகள் மீண்டும் கண்ணில் படும்.

அடுத்த அறுபாட்டை ஒரு வெள்ளத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, பத்திரங்களும் சான்றிதழ்களும் கணிப்பொறிகளும் ஒருங்கே நனைந்தன. அரசு நகலாவணம் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்த நேர்ந்தது. ஆவணங்களை ஸ்கேன் செய்து இரண்டொரு இடங்களில் வைப்பது எத்துணை அவசியம் என்பதை அந்தப் பேரிடர் உணர்த்தியது. ஆனால் ஸ்கேன் செய்த பத்திரம் வெறும் படமேயன்றி எழுத்தன்று. அதிலுள்ள சர்வே எண்ணையோ, உரியவர் பெயரையோ இட்டுத் தேடினால் அகப்படாது. எழுத்துணரி மென்பொருளால் அதை எழுத்தாக்க வேண்டும். இல்லையேல், ஊர், ஆண்டு, ஆவணத்தின் வகை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே பொறித்து வைக்க வேண்டும்.

இறுதியாக, தமிழ் மொழியின் இயல்பிலிருந்தே எழும் ஒரு சிரமம் உண்டு. தாம்பரம் என்னும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது தாம்பரத்தில், தாம்பரத்துக்கு என்று மகரவொற்று கெட்டு அத்துச் சாரியை பெறுகிறது. ஆகவே 'தாம்பரம்' என்று முழுச்சொல்லை இட்டுத் தேடுபவருக்கு, 'தாம்பரத்தில் வீடு' என்னும் கோப்பு தென்படாது. 'தாம்பர' என்று நிறுத்தினால் எல்லா வடிவங்களும் ஒருங்கே வந்து நிற்கும். சொல்லின் பகுதியையும் விகுதியையும் பிரித்தறிய இயந்திரத்துக்குக் கற்பிக்கும் ஆராய்ச்சி, எம்.ஐ.டி. வளாகத்திலேயே அமைந்த ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தில் நடைபெற்று வந்திருப்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமை தருவது. அந்த அறிவு நம் வீட்டுக் கணிப்பொறியின் தேடற்கட்டத்துள் முழுமையாக வந்து சேரும்வரை, இலக்கணம் அறிந்த மனிதரே அதற்குத் துணைநிற்க வேண்டும்.

ஆகவே கோப்பு அகப்படாதபோது பதற்றமின்றி வரிசையாக ஆராய்வதே முறை. அது எந்த டிரைவில் இருக்கக்கூடும், அவ்விடம் அட்டவணையில் சேர்ந்திருக்கிறதா, கோப்பு மறைக்கப்பட்டிருக்கிறதா, பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இடப்பட்டது, உள்ளிருக்கும் தமிழ் ஒருங்குறியா, பழைய எழுத்துருவா, அல்லது அது எழுத்தேயில்லாத படமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்பவர், நாற்பதாண்டுச் சரித்திரத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிச் செல்கிறார். விடை பெரும்பாலும் அவ்வடுக்குகளுள் ஒன்றிலேயே இருக்கிறது. நூல்களைப் பேணுவதற்கு ரங்கநாதன் காட்டிய ஒழுங்கைக் கோப்புகளுக்கும் நாம் பழகிக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் கணிப்பொறி கற்பிப்போர், மென்பொருள்களின் பெயர்களைக் கற்பிக்குமுன், கோப்புக்குப் பெயரிடும் முறையையும் அதை வைக்கும் இடத்தின் ஒழுங்கையும் கற்பிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் உரிமைகளும் நினைவுகளும் கோப்புகளாகிவிட்ட இக்காலத்தில், இது ஒவ்வொரு வீட்டாருக்கும் உரிய கடமையாகும்.