எலும்பு கூடிருச்சு, வலி ஏன் போகல?

போன வருஷம் பைக்ல சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைச்சுக்கிட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரிச்சப்ப எலும்பு அழகா கூடியிருந்தது. ஆனா கை வீங்கி, சிவந்து, இடது கையைவிட சூடா இருந்தது. ஃபேன் காத்து பட்டாலே எரியும். கீபோர்டுல விரல் வைக்க முடியல. முதல்ல பார்த்த டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி, ரொம்ப யோசிக்காதீங்க"ன்னு அனுப்பிட்டார். ரெண்டாவது டாக்டரம்மா கையைத் தொட்டுப் பார்த்துட்டு ஒரு பேர் சொன்னாங்க: சி.ஆர்.பி.எஸ். அந்தப் பேரோட பூர்வீகத்தைத் தேடப் போனதுதான் இந்த எபிசோடு.

1895ல ராண்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடிக்கிறார். அஞ்சே வருஷத்துல, 1900ல, ஹாம்பர்க் நகரத்து சர்ஜன் பால் சுடெக், அடிபட்டவங்களோட கை கால் எக்ஸ்ரேக்கள்ல விநோதமா ஒண்ணைக் கவனிக்கிறார். எலும்பு திட்டுத் திட்டா சத்து இழந்து கிடக்கு. மேல தோல் சிவந்து, வீங்கி, சூடா இருக்கு. அவர் வச்ச பேர், தமிழ்ல சொன்னா, 'தீவிர அழற்சி எலும்பு மெலிவு'. பேர்லயே அழற்சி இருக்கு, கவனிங்க. காயத்தை ஆத்த உடம்பு தொடங்குற வேலைதான் அழற்சி. அது அளவு மீறிப் போகுதுங்கிறது அவர் கணிப்பு.

இன்னொரு பக்கம், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல நரம்பு சிதைஞ்ச சிப்பாய்களோட எரிச்சல் வலியைப் பத்தி வெய்ர் மிட்செல் 1864லயே எழுதியிருந்தார். முதல் உலகப் போர் சமயத்துல பிரான்ஸோட ரெனே லெரிஷ், அந்த மாதிரி வலிக்குப் பரிவு நரம்புகளை வெட்டிப் பார்த்தார். கவனம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. 1946ல ஜேம்ஸ் எவன்ஸ் வச்ச பேர் 'ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரோஃபி'. அழற்சி பேர்லேர்ந்தே காணாமப் போச்சு.

கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும். ஃபங்ஷனுக்குத் தப்பான பேர் வச்சா, அடுத்து வர்றவன் தப்பான ஃபைல்லயே பக் தேடுவான். இங்க கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தேடினாங்க. நரம்பை மரத்துப்போக வைக்க ஊசி போட்டாங்க, பலருக்கு வலி அப்படியே இருந்தது.

1993ல நெதர்லாந்து டாக்டர்கள் 829 நோயாளிகளைப் பார்த்து லான்செட்ல எழுதினாங்க: ஆரம்பத்துல தெரியறது அழற்சி அறிகுறிகள்தான். சுடெக் திரும்பி வந்துட்டார்! 1994ல சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், காரணம் எதையும் சொல்லாத இப்போதைய பேரை வச்சது. எனக்கு அது நேர்மையா படுது.

சரி, உள்ள என்னதான் நடக்குது? உடைஞ்ச இடத்துல நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன்களைக் கொட்டுது. அது வலி நரம்போட நுனியை உசுப்பிவிடுது. உசுப்பின நரம்பு சும்மா இருக்காது, அதுவே சப்ஸ்டன்ஸ் பி மாதிரி ரசாயனங்களை வெளிய விடும். ரத்தக்குழாய் விரிஞ்சு நீர் கசியும், கை வீங்கும், சூடாகும், இன்னும் எதிர்ப்பு செல்கள் கூடும். பெரும்பாலானவங்களுக்கு இது தானா அடங்கிடும். சிலருக்கு நிக்காத லூப். அது நீண்டா தண்டுவடமும் மூளையும் லேசான தொடுதலைக்கூட வலின்னே படிக்க ஆரம்பிச்சுடும்.

2004ல கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் எலிகளோட கால் எலும்பை உடைச்சு, நாலு வாரம் கட்டுப் போட்டுப் பிரிச்சாங்க. கால் சூடா, வீங்கி, தொட்டாலே இழுத்துக்குற மாதிரி இருந்தது. சப்ஸ்டன்ஸ் பியைத் தடுக்குற மருந்து கொடுத்ததும் அது குறைஞ்சது. எலிகிட்ட யாரும் "ரொம்ப யோசிக்காதே"ன்னு சொல்லல.

எனக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, தினமும் பிசியோதெரபி. இப்ப டைப் பண்றேன். பாட்டில் மூடி திறக்க மட்டும் இன்னும் இடது கைதான். உங்களுக்கும் கட்டுப் பிரிச்ச பிறகு கை இப்படி சூடா இருந்தா, டாக்டர்கிட்ட எக்ஸ்ரேவை மட்டும் நீட்டாதீங்க, கையையும் நீட்டுங்க.