எழுத்தும் தகடும் துணியும்

மரம், துணி, தகடு, எழுத்து முதலிய ஒன்றோடொன்று ஒவ்வாத பொருள்களை ஒரே படைப்பில் ஒருங்கு வைக்கும் முறையை ஓவியர் இன்று 'கலப்பூடகம்' என வழங்குகின்றனர். பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்ச் சீலைத் துண்டொன்றைப் பிக்காசோ 1912இல் தம் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றி வைத்தமையை அதன் தொடக்கமாகக் கொள்வது கலை வரலாற்றாசிரியர் வழக்கம். ஓவிய வரலாற்றளவில் அது பொருந்தும். ஆயின், ஒரு பொருள் தன் இயல்பில் யாதும் மாறாமலே வேறொன்றாகிவிடும் அனுபவம் சாய்ந்தமருதில் வளர்ந்த எவருக்கும் புதியதன்று.

சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் அடுத்தடுத்துக் கிடக்கும் கரையிலே கடலை நோக்கி நிற்பது கடற்கரைப் பள்ளி. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்தது அது. 16ஆம் நூற்றாண்டினரான அப்பெரியாரின் உடல் கடலுக்கு அப்பால் உள்ளது; இக்கரையில் உள்ளது அவர் நினைவு மட்டுமே. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலே 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் இத்தகையதே. உடல் இல்லாத இடத்தில் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதாக ஏதேனும் ஒன்று வேண்டும். அதுவே கொடி. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அது ஊர்வலமாகக் கொணரப்பட்டு ஏற்றப்படுகின்றது. முந்திய நாள்வரை அது முழம்போட்டு அளக்கத்தக்க துணி. ஊர்வலத்தில் வரும்போதோ அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கைகள் நீளுகின்றன. இழையொன்றுகூட மாறவில்லை. மாறியது எது?

நாகூர் மரபிலும் இவ்வினாவைச் சுற்றியே பல கதைகள் வளர்ந்துள்ளன. நடுக்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்த கப்பலைக் காக்க, வலியார் தமக்கு மழித்துக்கொண்டிருந்த நாவிதரின் கண்ணாடியை எறிந்தார் என்பதும், அது சென்று ஓட்டையை அடைத்தது என்பதும் கடலோடிகளிடையே நெடுங்காலம் வழங்கிய கதை. அதன் மெய்ம்மையை ஆராய்வது என் நோக்கமன்று. முகம் பார்க்கும் பொருள் கப்பற் பலகையாயிற்று என எண்ணிய கற்பனையே இங்குக் கருதத்தக்கது. நேர்ச்சைக்காரர் அத்தர்காவுக்குக் கொண்டுசெல்லும் வெள்ளித் தகடுகளும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கன. கை, கால், கண், கப்பல் என வெட்டப்பட்ட அத்தகடு நோயாளியின் உறுப்புக்கு ஈடாகின்றது.

இவை யாவற்றினும் நுட்பமானது எழுத்தின் மாற்றம். கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் நோய்க்கும் அச்சத்துக்கும் வெள்ளைப் பீங்கானில் திருமறை வசனங்களைக் குங்குமப்பூ மையால் எழுதி, நீரூற்றிக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எழுதுபவர் ஓர் எழுத்தும் பிழையாமல் எழுதவேண்டும். குடிப்பவரோ அதனை வாசிப்பதில்லை. பெரும்பாலும் வாசிக்கவும் அறியார். எழுத்து நிறமாகி, நிறம் நீராகி, நீர் உடலுட் செல்கின்றது. ஓர் எழுத்து அழிவதனாலேயே நிறைவெய்தும் செயல் இதுபோல் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

வாசிப்பதற்கல்லாத எழுத்தைப்பற்றி நம் காலத்தில் ஆழ்ந்து எண்ணிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரிற் பிறந்த அவர் 1957 முதல் 1967 வரை சென்னைக் கலைக்கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். தம் மாணவரும் நண்பரும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய பணமே அந்நிலத்தின் விலையாயிற்று. 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கினார். அதற்குத் தூண்டுகோல் இளம் மாணவனொருவனின் கணித ஏடு என அவரே கூறியுள்ளார். அதிலிருந்த எண்களும் இயற்கணித எழுத்துகளும் கேத்திரகணித வரைகளும், பொருளால் அன்றித் தோற்றத்தாலேயே அவரை ஈர்த்தன. பின்னர் சாதகக் கட்டங்களும் மலையாள வரிவடிவை ஒத்த எழுத்து நிரைகளும் பறவை விலங்குகளும் அவர் சீலைகளை நிறைத்தன. எவரும் அவ்வெழுத்தை வாசித்துப் பொருள்கொள்ள முடியாது. ஆயினும் ஏதோ ஓர் அறிவு அங்கே எழுதிவைக்கப்பட்டுள்ளது என்னும் உணர்வு பார்ப்பவரை விட்டு நீங்குவதில்லை.

அவ்வட்டத்தைச் சேர்ந்த சிற்பி பி. வி. ஜானகிராம் (1930–1995) இதனையே உலோகத்திற் செய்தார். கோயிற் சிலைகளுக்குச் சாத்தும் கவசங்கள் அவருக்கு முன்மாதிரியாயின. செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, கம்பிகளைப் பற்றவைத்துப் பிள்ளையாரையும் கிறித்துவையும் முன்புறம் மட்டும் கொண்ட உருவங்களாக அவர் ஆக்கினார். கவசத்துக்குள்ளே கல் உண்டு. அவர் தகட்டுக்குப் பின்னால் ஏதுமில்லை. கடற்கரைப் பள்ளியை அறிந்தவனுக்கு அவ்வெறுமை பழக்கமானதே.

எனினும், இவ்விரு மரபும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகும். பணிக்கரின் எழுத்து பொருளை இழந்து வடிவமாக நிலைத்தது. பீங்கானில் எழுதிய எழுத்து வடிவத்தை இழந்தது. பொருள் அதில் உண்டு என்னும் உறுதி எஞ்சியது. ஓவியர் நம்பிக்கையைக் கழித்துவிட்டு நம்பிக்கையின் தோற்றத்தை எடுத்துக்கொண்டார் எனக் குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றும் நியாயமன்று. தமக்கு வாய்க்காத உறுதியை வாய்த்ததாக அவர் நடிக்கவில்லை. எவராலும் வாசிக்கவொண்ணாத எழுத்தையே எழுதினார். அந்நேர்மைக்காகவே அவர் படைப்பை நான் மதிக்கிறேன்.

நம் ஊர்களில் வழக்கு வேறு வகையானது. கொடியேற்றமும் கரைத்துக் குடித்தலும் மார்க்கத்தில் இல்லாதவை என ஏகத்துவக் கொள்கையினர் மறுக்கின்றனர். சமய நெறி பற்றிய அவ்விவாதத்தைத் தீர்க்கும் தகுதி கலை வரலாறு எழுதுபவனுக்கு இல்லை. ஆனால், 'அது வெறும் துணி' என்று அவர்கள் சொல்லும்போது ஒன்றை நினைவூட்டலாம்: கொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும் பெண்ணும் அது துணி என்பதை நன்கறிவாள். அறிந்தே தொடுகிறாள். மற்றொரு புறம், இவ்வழக்கங்களை 'நாட்டார் கலை' எனப் பெயரிட்டுக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க விரும்பும் ஆய்வாளரும் அதே பிழையையே செய்கின்றனர். பொருளைக் காப்பாற்றி, அதனைச் சூழ்ந்த கைகளை அவர்கள் விட்டுவிடுகின்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதின் கரையோர வீடுகள் தரைமட்டமாயின. அலை திரும்பிய பின் மணலிற் கிடந்தவை கதவுப் பலகை, சேலைத் துண்டு, தகரம், பாடப்புத்தகத்தின் ஏடு. கலப்பூடகக் கண்காட்சியொன்றில் அவ்வாறு அடுக்கியிருந்தால் அழகெனப் போற்றியிருப்போம். அவற்றை அழகென எவரும் சொல்லவில்லை. அவரவர் தம்முடையதைத் தேடி எடுத்துத் துடைத்தனர்.

கொடி இறக்கும் நாளில் கந்தூரிச் சோறு ஆக்கப்படும். துணி கீழே வரும்; அதனை மடித்து வைப்பர். எழுதிக் கரைத்த பீங்கானும் அவ்வாறே. கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றிரவு யாரேனும் ஒருவர் அதிற் சோறுண்பார்.