ஆரம் (வட்டக் கணிதம்)

வட்டத்தின் மையத்தையும் பரிதியில் உள்ள ஏதேனும் ஒரு புள்ளியையும் இணைக்கும் நேர்கோட்டுத் துண்டு ஆரம் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இது ஆரை. ஒரு வட்டத்தின் ஆரங்கள் அனைத்தும் சமம். விட்டம் ஆரத்தின் இரு மடங்கு. சுற்றளவு 2 × பை × ஆரம். பரப்பு பை × ஆரம் × ஆரம்.

பழைய கணக்கு நூல்களில் ஆரம் பெரும்பாலும் அரை விட்டமாகவே வருகிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரம், அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் குழி, அதாவது பரப்பு, கிடைக்கும் என்கிறது. விட்டம் 14 என்றால் சுற்றளவு 44. 22ஐ 7ஆல் பெருக்க, 154 குழி. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த, ஆரியபட்டரின் ஆரியபடீயத்திலும் இதே விதி உண்டு. விதியில் குறையே இல்லை. சுற்றளவு காண்பதில்தான் நூலுக்கு நூல் வேறுபாடு. கணக்கதிகாரத்தின் ஒரு வாய்பாடு விட்டத்தை 3.2ஆல் பெருக்குவதற்குச் சமம். ஆரியபட்டரோ 20,000 விட்டத்துக்கு 62,832 என்று 3.1416க்கே வந்துவிட்டார். வட்டத்தைப் பாகைக்கு 60 வீதம் 21,600 கலைகளாகப் பகுத்து, ஆரத்தை 3,438 கலை எனக் கொண்டு அரைநாண் அட்டவணையும் அமைத்தார். இன்றைய கோண அலகான ரேடியனைக் கலைகளாக மாற்றினாலும் ஏறத்தாழ அதே எண்தான்.

முளை அடித்துக் கயிறு கட்டி வட்டம் போடுபவர் கையில் இருப்பது ஆரம். வெட்டி முடித்த கிணற்றை அளக்க வருபவருக்கு எட்டுவது விட்டம். மையம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருக்கும். அளப்போருக்கான நூல்கள் விட்டத்திலிருந்து தொடங்குவதில் வியப்பில்லை.

மையம் எட்டாத வளைவுக்கும் ஆரம் காணலாம். சாலை வளைவின் ஓரத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே 8 மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றின் நடுவிலிருந்து வளைவு வரை அளக்க வேண்டும். அது 1 மீட்டர் என்றால், 8இன் வர்க்கமான 64ஐ அந்த 1இன் எட்டு மடங்கால் வகுத்து, 1இல் பாதியைக் கூட்ட, ஆரம் 8.5 மீட்டர்.

மலேசியாவில் ஆரம் அன்றாடப் பேச்சுக்கு வந்தது 2020இல். மார்ச் 18இல் கோவிட்-19 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஏப்ரல் முதல், பொருள் வாங்க வீட்டிலிருந்து 10 கி.மீ. ஆரத்துக்குள் மட்டுமே போகலாம் என்றானது. பினாங்கின் ஜெலுத்தோங்கை மையமாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால், ஜார்ஜ்டவுன் பழைய நகரமும் ஆயர் ஈத்தாமும் அடங்கும். கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தும் உள்ளே வந்துவிடும். ஆனால் 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் மட்டுமே 13.5 கி.மீ. பாலவழியில் பட்டர்வொர்த் போகிறவர் வட்டத்துக்குள் இருந்துகொண்டே 10 கி.மீ.யைத் தாண்டிவிடுவார். ஆரம் நேர்கோடு, சாலைத் தூரம் வேறு.

பற்சக்கரம், வாகனத் திருப்பம், கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை எனப் பயன்கள் இன்று பல. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலையிலேயே ஆரம் கற்பிக்கப்படுகிறது. இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாயில் தொடர்கிறது.