ஒரே துடிப்பில் கட்டுண்ட பொறிகள்: தங்கவயலின் மின்கம்பியும் வீட்டுக் கணினியும்

1902 ஜூன் மாதம் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் முன்னெடுத்த இத்திட்டத்தால் பெங்களூருத் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905இல்தான், சுரங்கத்துக்கே முதலுரிமை. கம்பியின் நீளத்தை எல்லோரும் வியந்து எழுதினர். அதிகம் பேசப்படாதது அம்மின்சாரத்தின் அதிர்வெண்: நொடிக்கு 25 சுழற்சி.

அதிர்வெண் குறைந்தால் நெடுங்கம்பியில் மின்தூண்டலால் நேரும் அழுத்த இழப்பும் குறையும். ஆனால் அத்தெரிவு கம்பியோடு நிற்பதில்லை. மாறுமின் மோட்டாரின் வேகத்தை அதிர்வெண்ணே முடிவு செய்கிறது: நான்கு துருவ மோட்டார் 25 சுழற்சியில் நிமிடத்துக்கு 750 சுற்றுக்கு அருகில் ஓடும், 50இல் 1500. கல் இடிக்கும் ஆலை விரைந்தால் கூடுதல் கல் இடிபடும் என ஒருவர் மகிழலாம். ஆனால் அதே கம்பியில் இணைந்த காற்றாடி இரு மடங்கு வேகத்தில் சுழல எட்டு மடங்கு ஆற்றல் கேட்கும். அதன் மோட்டார் தாங்காது. ஓர் எந்திரத்துக்கு மட்டும் துடிப்பை உயர்த்திக்கொள்ள இயலாது என்பதே இவ்வமைப்பின் விதி. ஆகவே 25 சுழற்சி வலையை 50 சுழற்சி வலையோடு இணைக்க, இடையே அதிர்வெண் மாற்றி தேவை: ஒரே அச்சில் ஒரு மோட்டாரும், அதைப்போல் இரு மடங்கு துருவங்கள் கொண்ட ஒரு மின்னாக்கியும்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் இதே சிக்கல் கணினிப் பெட்டிக்குள் சிற்றுருவில் திரும்பியது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினி 6 மெகாஹெர்ட்சில் ஓடியது. அதன் படிகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் 8 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஓவர்கிளாக்கிங் என இன்று வழங்கும் பழக்கத்தின் தொடக்க வடிவங்களுள் இது ஒன்று. விரிவாக்க அட்டைகளின் பாட்டையும் அதே படிகத்தால் துடித்ததால் அட்டைகளும் கேளாமலே விரைவுபட்டன. பின்னர் ஐபிஎம் தன் பயாஸில் வேகச் சோதனை வைத்து அத்தகைய கணினிகள் தொடங்கவே மறுக்கச் செய்தது. இதில் வணிகக் கணக்கும் இருந்திருக்கலாம். ஆனால் அட்டைகள் தடுமாறும் என்ற அச்சம் பொய்யன்று.

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இக்கதையின் விந்தையான அத்தியாயம். அதன் பெருக்கெண் 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. மாற்றத்தக்கது 66 மெகாஹெர்ட்ஸ் முதன்மைப் பாட்டை மட்டுமே. அதை 100 ஆக்கினால் செயலி 450இல் ஓடும். அந்நிலையில் பிசிஐ அட்டைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது அவற்றுக்குரிய 33 மெகாஹெர்ட்சே சென்றது. ஆனால் அஞ்சி அஞ்சி 75 அல்லது 83இல் நிறுத்தியவர்களுக்கு வகுத்தி இரண்டாகவே இருந்தது, பிசிஐ 37.5க்கும் 41.5க்கும் தாவியது. துணிந்தவருடைய அட்டைகள் தப்ப, எச்சரிக்கையாளருடைய அட்டைகள் இடருற்றன! தங்கவயலின் அதிர்வெண் மாற்றி செய்த வேலையைத்தான் இந்த வகுத்தி செய்தது. அது எந்த எண்ணில் மாறும் எனக் கடையில் எவரும் எழுதி ஒட்டுவதில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டதையொட்டிய ஆண்டுகள் அவை. நாள்தோறும் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிய ஆயிரக்கணக்கானோரின் நகரம் அது. அவர்கள் சென்றிறங்கிய பெங்களூரில் எஸ்.பி. சாலைக் கடைகள் உதிரிகளைக் கோத்துக் கணினி விற்றன.

ஒலி அட்டை கரகரத்தால் காது அறியும். வன்தட்டின் கட்டுப்படுத்தியும் அதே பிசிஐ துடிப்பைச் சார்ந்திருந்ததே பெருங்கேடு. எல்லை மீறிய வேகத்தில் அது தவறான தரவை எழுதலாம். எழுதியதைச் சொல்லாமலும் இருக்கலாம். சுருக்கிய கோப்பு திறக்க மறுத்துத் தன் சேதத்தை அறிவித்துவிடும். வெற்றுரைக் கோப்புக்கு அந்த வாய் இல்லை. யூனிகோடில் ர, ற இரண்டும் ஒரே ஒரு பிட்டால் வேறுபடுபவை. ல, ள இணையும், ந, ன இணையும் அவ்வாறே. ஒரு பிட் புரண்டால் 'புலி' 'புளி' ஆகும். 'அரம்' 'அறம்' ஆகும். இரண்டும் அகராதிச் சொற்களாதலால் பிழைதிருத்தி மௌனமாயிருக்கும். பழைய வன்தட்டுகளிலிருந்து சொற்றொகுதி திரட்டுவோர் ஈழத்து வழக்கு, வட்டார வழக்கு, தட்டச்சுப் பிழை என்றெல்லாம் வகைப்படுத்தும்போது இந்த நான்காவது வகையைக் கணக்கில் கொள்வது அரிது.

பின்வந்த தாய்ப்பலகைகள் பிசிஐ துடிப்பைத் தனியே பூட்டின. சிக்கல் ஓய்ந்ததாகத் தோன்றியது. 2011இல் இன்டெலின் சேண்டி பிரிட்ஜ் வரிசை 100 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அடிப்படைத் துடிப்பிலேயே செயலி, பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யூஎஸ்பி அனைத்தையும் மீண்டும் கட்டியது. அதைச் சில விழுக்காடு உயர்த்தினாலே வட்டும் அட்டையும் தடுமாறின. வேகம் வேண்டியோர் பெருக்கெண் பூட்டப்படாத செயலியைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.