சென்னைக்குப் போகும் முன்



கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப் போவதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். மகிழ்ச்சி. நானும் உங்களைச் சென்னைக்குத்தான் சுற்றுலா கூட்டிப் போனேன். மெரினா, வண்டலூர் எல்லாம் பார்த்தோம். பக்கத்தில் இருந்ததைக் காட்டவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில்தான் தாரமங்கலம். கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயில். ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியின் தூணிலிருந்து ராமன் தெரியமாட்டான். சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை உருளும்.

அடுத்து மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை; 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று பாடம் நடத்தினேன். அந்தத் தண்ணீருக்கடியில் ஊர்கள் இருந்ததை அழுத்திச் சொன்னதில்லை. நீர் வற்றினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். என் அம்மாயி அங்கிருந்து மூட்டை கட்டி வந்தவர். நந்தியைக் கும்பிட்டுவிட்டு, "எங்க வீடு அந்தப் பக்கம்" என்று கையை நீட்டுவார். அங்கே சேறுதான் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை விளைகிறது.

சென்னைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களோடு பண்ணவாடி போய் வாருங்கள். முழுகிப்போன ஊர்களின் பெயரை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அம்மாயியிடம் நான் கேட்டு எழுதி வைக்கவில்லை.